ரேஷன் தானியம் திருடு போகிறது என்பதற்காகத் திட்டத்தையே சுருக்கலாமா? ஊழலும் உணவுப் பாதுகாப்பும்

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சென்ற வாரம் உணவுப் பாதுகாப்பு குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு விரைவிலேயே ஊழலின் பக்கம் திரும்பிவிட்டது. ஏழைகளுக்கென்று ஒதுக்கப்படும் அரிசியிலும் கோதுமையிலும் பாதி வழியிலேயே காணாமல் போகிறது என்றும், ஆகவே பொது விநியோகத் திட்டத்தைப் படிப்படியாகக் கலைத்துவிட்டு மக்களின் வங்கிக் கணக்கில் பணமாகப் போட்டுவிடுவதே நல்லது என்றும் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாதிட்டார். திருடுபவரைத் தடுக்காமல் பசித்தவரின் பங்கை நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டார் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். இருவருமே நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனால் யாரிடமும் உறுதியான விவரம் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அரசு நிர்வாகத்தில் நடக்கும் ஊழல் ஒரு நாட்டு மக்களின் உணவை எந்தெந்த இடத்தில் பறிக்கிறது? அதனால் அந்த நாட்டின் வளர்ச்சிக்கு நேரும் சேதம் எத்தகையது? எங்காவது அந்த ஊழல் உண்மையிலேயே குறைக்கப்பட்டிருக்கிறதா, குறைக்கப்பட்டிருந்தால் எப்படி? இந்தியாவை வைத்தே விளக்கினால் எங்கள் வட்டத்தினருக்குப் புரிய வைப்பது எளிதாக இருக்கும்.

பதில்: கல்லணை

வணக்கம். உங்கள் நண்பர் சொன்ன ‘பாதி’ என்பது கற்பனைக் கணக்கு அல்ல. திட்டக்குழுவின் மதிப்பீட்டுப் பிரிவு 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், மத்தியத் தொகுப்பிலிருந்து சலுகை விலையில் கொடுக்கப்பட்ட தானியத்தில் சுமார் 58 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், மொத்தத்தில் 36 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கு விநியோகப் பாதையிலேயே கடத்தப்பட்டது என்றும் கூறப்பட்டிருந்தது. ஏழைக்கு ஒரு ரூபாய் போய்ச் சேர அரசு 3 ரூபாய் 65 காசு செலவிட வேண்டியிருந்தது என்ற கணக்கும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. கிடங்குகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட தானியத்தின் அளவையும், தேசிய மாதிரி ஆய்வில் குடும்பங்கள் தாங்கள் வாங்கியதாகச் சொன்ன அளவையும் ஒப்பிட்டுப் பொருளியலாளர்கள் ழான் திரேஸும் ரீதிகா கேராவும் செய்த கணக்கீட்டின்படி, 2004-05-இல் நாடு முழுவதற்குமான கசிவு, அதாவது குடும்பங்களுக்குப் போய்ச் சேராத பங்கு, ஏறத்தாழ 54 சதவீதம்.

ஆனால் அதே இருவர் அதே முறையில் 2011-12-க்குச் செய்த கணக்கீட்டில் கசிவு சுமார் 42 சதவீதமாகக் குறைந்திருந்தது என்பதையும் உங்கள் வட்டத்தில் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும் சராசரியை விட, மாநிலவாரியாகப் பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. சத்தீஸ்கரில் முன்பு ஏறக்குறைய பாதி தானியம் மாயமாகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கசிவு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. பீகாரில் 2004-05-இல் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போனது என்று கணக்கிடப்பட்டிருந்த நிலை மாறி, 2011-12-இல் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகியது. அந்த மாநில மக்களின் குணம் ஏழெட்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. திருடுவதற்கு வசதியாக அமைந்திருந்த ஏற்பாடுதான் மாற்றப்பட்டது. ‘நம் நாட்டில் எதைக் கொடுத்தாலும் திருடத்தான் செய்வார்கள்’ என்று பேசுபவர்களிடம் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஏற்பாடு என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1997-ஆம் ஆண்டு வரை இந்தியாவில் பொது விநியோகம் கொள்கையளவில் எல்லோருக்கும் உரியதாக இருந்தது. அந்த ஆண்டு முதல் மக்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கப்பட்டார்கள். ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையும், பயன் கூடும் என்பது எண்ணம். நடந்தது வேறு. யார் ஏழை என்று பட்டியலிடும் அதிகாரம் உள்ளூரில் செல்வாக்கு உடையவர்களின் கைக்குப் போயிற்று; உண்மையில் இல்லாதவர் விடுபட்டார், வசதியுள்ளவர் சேர்ந்துகொண்டார், இல்லாத பெயர்களுக்கெல்லாம் அட்டைகள் முளைத்தன. கடையைப் பயன்படுத்துபவர்கள் குரலற்ற ஏழைகள் மட்டுமே என்றான பின், மாதத்தில் இருபது நாள் கடை பூட்டிக் கிடந்தாலும் கேட்பாரில்லை. வறுமைக் கோட்டுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒதுக்கீடோ மாதத்துக்கு ஓர் அளவாக வந்ததால், தமக்கு எவ்வளவு உரிமை என்பதே அந்தக் குடும்பங்களுக்குத் தெரியவில்லை. 2011-12 கணக்கில் அந்த ஒதுக்கீட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சந்தைக்குப் போனதாகத் தெரிகிறது. ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் கசிவு அதில் பாதிக்கும் குறைவு. தன் பங்கு எவ்வளவு என்று அறியாதவரிடம் திருடுவதுதான் எளிது.

சத்தீஸ்கர் செய்த மாற்றங்கள் 2004-இல் தொடங்கின. ரேஷன் கடைகள் தனியார் வியாபாரிகளிடமிருந்து எடுக்கப்பட்டு ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொடுக்கப்பட்டன. கடை நடத்துபவருக்குக் குவிண்டாலுக்கு 8 ரூபாயாக இருந்த தரகு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். நேர்மையாக நடத்தினால் கடையை நடத்தவே முடியாது என்ற நிலையை அது மாற்றியது. தானியத்தை வியாபாரி கிடங்குக்குப் போய் எடுத்துவரும் வழக்கம் நிறுத்தப்பட்டு, மஞ்சள் வண்ணம் பூசிய அரசு லாரிகள் கடை வாசலுக்கே கொண்டுவந்து இறக்கின. லாரி கிளம்பும்போது ஊர் மக்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போயிற்று. 2007 முதல் அட்டை பெறத் தகுதியுள்ளோர் வரம்பு பெரிதும் விரிவாக்கப்பட்டு, கிராமத்தின் பெரும்பாலான குடும்பங்கள் உள்ளே வந்தன. 2012-இல் அம்மாநிலம் தனக்கென உணவுப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

இருந்தாலும் சத்தீஸ்கரைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டிவிடக் கூடாது. 2015 பிப்ரவரியில் அம்மாநிலக் குடிமைப் பொருள் கழகத்தின் அலுவலகங்களில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் சோதனை நடத்தினர்; ஆலைகளிடமிருந்து தரக்குறைவான அரிசியை ஏற்றுக்கொள்ள லஞ்சம் வாங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. வழக்கு நெடுங்காலம் இழுத்தடிக்கப்பட்டு அரசியல் சண்டையாகவே மாறிப்போனது. கடை மட்டத்தில் அடைக்கப்பட்ட ஓட்டை கொள்முதல் மட்டத்தில் திறந்திருந்தது என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

தமிழ்நாடு 1997-இன் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி வேண்டுமா, அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை வேண்டுமா என்று குடும்பமே தீர்மானிக்கும் முறை இங்கே தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கொடுக்கப்படுகிறது. 2016 நவம்பரில் தேசியச் சட்டத்தை ஏற்றபோதும், மத்திய ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கும் குடும்பங்களுக்கான செலவை மாநிலம் தானே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் வீட்டுக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்கும் ஒரே கடை என்பதால், கடை திறக்காவிட்டால் கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் ரேஷன் அரிசி கடத்தப்படும் செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் அந்த நாட்களில் வட மாநிலங்கள் பலவற்றில் நடந்ததோடு ஒப்பிட இங்கே கசிவு மிகக் குறைவு.

வளர்ச்சி குறித்துக் கேட்டிருந்தீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இதற்குக் குடிநீர், கழிப்பிடம், தாயின் உடல்நிலை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ரேஷன் ஊழலின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனால் கருவிலிருந்து இரண்டு வயது வரை கிடைக்காத ஊட்டத்தைப் பின்னால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. அரிசி வராத மாதத்தில் ஒரு வீடு முதலில் பருப்பையும் முட்டையையும் நிறுத்துகிறது, பிறகு கடன் வாங்குகிறது, அந்தக் கடனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது. கணக்குத் தணிக்கையில் இதெல்லாம் ‘இத்தனை டன் இழப்பு’ என்ற ஒற்றை வரியாகத்தான் வரும்.

பதில்: கிடங்குத்தெரு

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லணை ஐயா எழுதியதோடு கடையின் உள்ளே இருந்து பார்த்த ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பொருள் நகர்வு நாளில் லாரி வரும். சுமைத் தொழிலாளர்கள் மூட்டைகளை இறக்கி அடுக்குவார்கள். பட்டியலில் மூட்டை ஒன்றுக்கு 50 கிலோ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தால் 47 காட்டும், 48 காட்டும், சாக்கின் எடையும் அதில்தான் அடக்கம். திருப்பி அனுப்புகிறேன் என்று சொன்னால் அடுத்த மாதம் கடைசி லாரி நம் கடைக்குத்தான் வரும். ஆனால் இருப்புப் பதிவேட்டில் 50 கிலோ ஏறிவிட்டது. அதிகாரி ஆய்வுக்கு வந்து குறைவு கண்டால் அபராதம் விற்பனையாளரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். அந்தச் சம்பளமோ குடும்பம் நடத்தவே போதாது. அப்போது விற்பனையாளர் முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: ஒவ்வொரு அட்டைக்கும் கொஞ்சம் எடை குறைத்துப் போடுவது, அல்லது வாங்க வராதவர்களின் பெயரில் பட்டியல் போடுவது.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டே மூட்டை மூட்டையாக வெளியே விற்றவர்களும் எங்களிடையே இருந்தார்கள். அவர்களால் ஏழை வீட்டில் உலை ஏறாமல் போயிருக்கிறது. நான் சொல்ல வருவது, வரிசையில் நிற்கும் பெண்மணி கண்ணால் காணும் திருட்டு விற்பனையாளரின் கையில் நடப்பது மட்டுமே என்பதுதான். கிடங்கில் ஒரு மூட்டைக்கு இரண்டு கிலோ எடுத்தவரை அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. கடைத் தராசை விற்பனை இயந்திரத்தோடு இணைப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். அதே போலக் கிடங்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூட்டையும் விற்பனையாளர் முன்னிலையில் எடை போடப்பட்டு, அந்த எடையே பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது எங்கள் சங்கங்கள் நெடுநாளாக வைத்துவரும் கோரிக்கை. கீழே இருப்பவனின் தராசை மட்டும் கண்காணித்தால் மேலே போன எடை திரும்பி வராது.

மறுகேள்வி: வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மூட்டை எடை பற்றிய செய்தி எங்கள் வட்டத்தில் யாரும் யோசித்துப் பார்க்காதது. ஆனாலும் வங்கி நண்பரின் முக்கிய வாதத்துக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. கைரேகைப் பதிவு வந்த பிறகு இந்தத் திருட்டெல்லாம் நின்றுவிட்டது என்கிறார் அவர். நிற்கவில்லை என்றால் பணமாகக் கொடுப்பதே தீர்வு என்கிறார். இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழுவே 2015-இல் அப்படித்தான் பரிந்துரைத்தது என்றும் சொல்கிறார்.

பதில்: சோலைமலை

ஊரக வளர்ச்சி தொடர்பான களப்பணியில் ஜார்க்கண்டில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கைரேகை இயந்திரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: வந்தவர் அட்டைக்கு உரியவர்தானா? அவருக்கு எத்தனை கிலோ கொடுக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. விரலை வைத்த பிறகு 35 கிலோவுக்கு 32 கிலோ கொடுத்தால் இயந்திரத்தின் கணக்கில் 35 கிலோ போய்விட்டது. போலி அட்டைகள் பெருமளவில் இருந்த இடங்களில் இந்த ஏற்பாட்டால் பயன் உண்டு. ஆனால் நான் பார்த்த கிராமங்களில் திருட்டு பெரும்பாலும் அளவில் நடந்தது, ஆளில் அல்ல. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் ஜார்க்கண்டில் நடத்திய பெரிய ஆய்வு, கைரேகைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்ததால் மட்டும் கசிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்றும், ஆதாரை இணைக்காமல் இருந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் தமக்கு உரிய தானியத்தை இழந்தனர் என்றும் கண்டது. பின்னர், இயந்திரத்தில் பதிவான இருப்பைக் கழித்துக்கொண்டு ஒதுக்கீடு அனுப்பத் தொடங்கியபோது கசிவு குறைந்தது. ஆனால் அந்தக் குறைப்பின் சுமையில் ஒரு பங்கை மக்களும் சுமந்தார்கள், ஏனெனில் கடைக்காரர் ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருந்த இருப்புக்காக அவர்களுடைய அரிசி நிறுத்தப்பட்டது.

2017 செப்டம்பரில் அதே மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அந்த வீட்டின் அட்டை ஆதாருடன் இணைக்கப்படாததால் நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் தானியம் வாங்க முடியாமல் இருந்தது. பட்டினியால்தான் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். அட்டை நீக்கப்பட்டது உண்மை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஊழலை ஒழிப்பதாகச் சொல்லிச் செய்யப்படும் ஒரு நடவடிக்கை, ஊழல் செய்யாதவரைத் தண்டிப்பதாக முடிந்தால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சாந்தகுமார் குழு குறித்து உங்கள் நண்பர் சொன்னது சரியே. கசிவு நாற்பது முதல் ஐம்பது சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, சட்டப்படி மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உரிய தானியத்தை நாற்பது சதவீதத்தினரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும், படிப்படியாகப் பணமாகக் கொடுக்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது. வரம்பைச் சுருக்குவதுதான் 1997-இல் நடந்தது. அதன் விளைவைக் கல்லணை ஐயா எழுதியிருக்கிறார். பீகாரும் சத்தீஸ்கரும் முன்னேறியது விரிவாக்கிய பிறகுதான். திருட்டுக் கணக்கைக் காட்டித் திருட்டுக் கொடுத்தவரின் உரிமையைக் குறைக்கும் இந்தத் தர்க்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானது அல்ல.

பணத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை சோதனையாகத் தொடங்கியது. அரிசியே வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அரிசியா பணமா என்பது அன்றைய முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே பெரிய மோதலாகி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தன. அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் தொகை தானாக ஏறுவதில்லை. பணம் வரவில்லை என்றால் முறையிடுவதற்குத் தெருமுனையில் ஒரு கடை இருப்பதும் இல்லை. எந்த அலுவலகத்தில், எந்த வங்கிக் கிளையில் கேட்பது என்று தெரியாமல் அலையும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவுக்கு வெளியே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2001-இல் விளைச்சல் பொய்த்தது. அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டியிருந்த அரசின் அவசரகால மக்காச்சோள இருப்பு விற்கப்பட்டிருந்தது. இருப்பைக் குறைக்குமாறு பன்னாட்டு நாணய நிதியம் அறிவுரை கூறியிருந்தது உண்மை. ஆனால் முழுவதையும் விற்கச் சொல்லவில்லை என்றது நிதியம். விற்றது எவ்வளவு, வாங்கியவர் யார், பணம் எங்கே என்ற கேள்விகள் அந்நாட்டின் ஊழல் தடுப்பு அமைப்பின் விசாரணை வரை போயின. 2002-இன் தொடக்கத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போய், மக்கள் முற்றாத கதிரையும் உமியையும் தின்றார்கள். உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது. ரேஷன் கடையில் நடக்கும் திருட்டு மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பசியை வளர்க்கிறது. சேமிப்புக் கிடங்கில் நடக்கும் திருட்டோ வறட்சி வரும் ஆண்டு வரை வெளியே தெரிவதே இல்லை. அந்த ஆண்டு வந்தபின் விசாரணைக் குழு அமைத்து ஒன்றும் ஆவதற்கில்லை.

பதில்: கல்லணை

சோலைமலை அம்மா எழுதியதற்கு ஒரு சிறு சேர்க்கை. 2001-இல் இந்தியாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. உணவுக் கழகத்தின் கிடங்குகளில் ஐந்து கோடி டன்னுக்கும் மேல் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில்தான், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்ற 2001 நவம்பர் உத்தரவு முதலிய பல உத்தரவுகள் பிறந்தன. அந்த வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர்களும், 2006-இல் அமைக்கப்பட்ட நீதிபதி வாத்வா குழுவும் மாநிலம் மாநிலமாகச் சென்று பொது விநியோக முறைகேடுகளைப் பதிவு செய்தார்கள். அந்த அறிக்கைகளை உங்கள் வாசகர் வட்டம் எடுத்துப் படிக்கலாம். உங்கள் ஊர்க் கடையின் மாதாந்திர ஒதுக்கீடும் இருப்பும் மாநில உணவுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு அதை அச்செடுத்துக்கொண்டு போய், கடைப் பலகையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இங்கே எழுதுங்கள், முறையீடு எழுத உதவுகிறேன்.